ஞாயிற்றுக்கிழமை ஊசி

என் கையெழுத்து நன்றாக இருக்கும், சார். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது அதனால்தான்; வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. வாயால் சொன்னால் போதும் என்கிறீர்கள். சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் நிதானமாக எழுதட்டும். இன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பெயர் ஜெகதாம்பாள். வயது நாற்பத்தெட்டு. கணவர் ரகுநாதன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். இப்போது நான் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நான் சொல்ல வந்தது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம், எண்பத்தேழாம் வருஷம். அப்போது நான் நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிளைச் சிறையில் நர்ஸாக இருந்தேன்.

ஜெயிலில் வேலை என்றதும் பயமாக இல்லையா என்று கேட்பார்கள். கைதிகளிடம் பயப்பட ஒன்றும் இல்லை. கஷ்டம் வேறு. நாற்பது பேருக்குக் கட்டிய இடத்தில் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். டாக்டர் செவ்வாயும் சனியும் வந்து ஒரு மணி நேரம் இருப்பார். மற்ற நேரமெல்லாம் அந்த நூற்றுப் பத்துப் பேருக்கும் நான் ஒருத்திதான். சிக் ரூம் என்று பெயர். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஊசி கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ். ஃபிரிட்ஜ் கிடையாது. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் மருந்து பாட்டில்களைப் புதைத்து வைப்பேன். மாற்று நர்ஸ் போடச் சொல்லி ஐந்து வருஷத்தில் பதினோரு மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அங்கே வியாதியும் இருந்தது, நடிப்பும் இருந்தது. வாயில் சோப்பை வைத்து நுரை தள்ளி வலிப்பு என்பார்கள். சூடான டம்ளரை அக்குளில் வைத்துக்கொண்டு ஜுரம் என்பார்கள். எல்லாம் ஒரு நாளாவது வெளி ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். நான் வந்த புதிதில் ஒருவன் வயிற்றுவலி என்று புரண்டான். நம்பி அனுப்பினேன். போகிற வழியில் தப்பித்துவிட்டான். கூடப் போன இரண்டு போலீஸ்காரர்களுக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். மயங்கிக் கிடப்பவனின் கையை அவன் முகத்துக்கு நேரே தூக்கி விட்டுவிட வேண்டும். உண்மையான மயக்கம் என்றால் கை முகத்திலேயே விழும். நடிப்பவனின் கை ஒதுங்கி விழும். சூப்பரின்டென்டென்ட் எல்லோரிடமும் சொல்வார், சிஸ்டர் நடிப்பு என்று சொல்லிவிட்டால் நடிப்புதான் என்று. நான் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அதை அங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வேம்புலி கள்ளிக்குப்பத்துப் பையன். வயது இருபத்து மூன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பட்டறையில் பித்தளைக் கம்பி திருடியதாக வழக்கு. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் ஏழு மாதமாக ரிமாண்டில் இருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. மாத்திரைக்குக் கட்டுப்படாது. காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இரண்டு மூன்று நாளில் ஆளே போய்விடுகிற ரகம். தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டான். கைதி கையில் ஊசி கொடுக்க விதி இல்லை.

நல்ல பையன். சிக் ரூமைப் பெருக்கிக் கொடுப்பான், பானை மணலுக்குத் தண்ணீர் விடுவான். எட்டாவது வரை படித்தவன். மேசை துடைக்கும்போது ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சிஸ்டர், அச்சடிச்ச மாதிரி எழுதறீங்க" என்பான். வாரத்துக்கு ஒருமுறை அவன் அம்மா கெங்கம்மாள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். கூலி வேலை செய்த கை, மரப்பட்டை மாதிரி இருக்கும். என்னைப் பார்த்தால், "எம் புள்ளைக்கு ஊசி போட்டியா தாயி?" என்று மட்டும் கேட்பார். போட்டேன் என்பேன். கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போகமாட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஏழு நாளும் எந்த மனுஷியாலும் முடியாது, சார். துணி துவைக்க வேண்டும், வீட்டில் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சனிக்கிழமை மாலையே ரிஜிஸ்டரில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் ஊசி போட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். வேம்புலி அந்த ஒரு நாளைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஓட்டிவிடுவான். திங்கள் காலை உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருக்கும். ஊசி போட்டதும் தெளிந்துவிடுவான். யாருக்கும் தெரியாது. ஜெயிலரும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

செப்டம்பரில் மாஜிஸ்திரேட் பார்வையிட வந்தார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு வேம்புலி கையைத் தூக்கினான்.

"ஐயா, நாயித்துக்கெழமைல சிஸ்டர் வர்றதில்லீங்க. எனக்கு ஊசி கெடையாது. நோட்ல மட்டும் போட்டதா எழுதிக்கீது" என்றான்.

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். சிஸ்டர் ஒரே ஆளாக அல்லாடுகிறார்கள், இன்னொரு சிஸ்டர் போட்டுக் கொடுங்கள் என்று. நான் அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டேன்.

மாஜிஸ்திரேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி அத்தனை பேர் முன்னாலும் புரட்டினார். "ரொம்ப நீட்டா இருக்கு" என்றார். ஒரு கைதி சிரித்தான். அடுத்த புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. தலைமை நர்ஸ் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாம்பார் வைத்தேன். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கோபமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு கணக்கு நேராகாமல் நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல ஊசியைக் கொதிக்க வைத்து, வேம்புலியைக் கூப்பிட்டுப் போட்டேன். மாலையும் போட்டேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. இரண்டு வேளையும் நேரம் தவறாமல் போட்டு, ரிஜிஸ்டரில் எழுதினேன். இந்த முறை எழுதியதில் நேரம் சரி, கையெழுத்து சரி. மருந்து மட்டும் சரியில்லை. இன்சுலினில் ஒரு ரகம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். மற்ற ஊசி மருந்துகளைக் கரைக்க வைத்திருக்கும் சுத்தத் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். ஊசிக்குள் ஏற்றிவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. நான் அவனுக்குப் போட்டது தண்ணீர்.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊசி இல்லை என்று ஊரறியச் சொன்னான் அல்லவா, என் கை இல்லாமல் இரண்டு நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை டாக்டர் வருவதற்குள் உண்மையான மருந்தைப் போட்டு நிமிர்த்திவிடலாம் என்பது என் திட்டம்.

சனிக்கிழமை காலை அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். மூச்சு ஓடி வந்தவன் மாதிரி வாங்கியது. இரவெல்லாம் தண்ணீர் கேட்டதாகக் கூட இருந்த கைதிகள் சொன்னார்கள். அது இன்சுலினை நான்கு யூனிட் கூட்டிப் போட்டால் சரியாகிற கட்டமல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சலைன் பாட்டில் ஏற்ற வேண்டும். அனுப்பினால் அங்கே ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வேளையும் ஊசி போட்டவனுக்கு ஏன் இப்படி என்று கேட்பார்கள். அதனால் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

டாக்டர் கங்காதரன் பத்து மணிக்கு வந்தார். அவசரத்தில் இருந்தார். வாசலில் நின்றே பார்த்தார்.

"இவன்தானே மாஜிஸ்திரேட்கிட்ட பெட்டிஷன் போட்டவன்?"

"ஆமாம் டாக்டர். வெளியே போகணும்னு ரெண்டு நாளா ஆரம்பிச்சிருக்கான்."

"சுகர் பாத்தீங்களா?"

"இதோ பாக்குறேன்."

அப்போதெல்லாம் சர்க்கரை பார்ப்பது சிறுநீரில்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, எட்டுச் சொட்டுச் சிறுநீர் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, ரொம்ப இருந்தால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். டாக்டர் கண் முன்னாலேயே காய்ச்சினேன். நீலமாகவே நின்றது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

டாக்டர் சிரித்தார். "நல்ல ஆக்டர்தான்" என்றார். வயிற்றுக்கு ஒரு மருந்து எழுதிவிட்டுப் போனார்.

அந்தக் குழாயில் இருந்தது என் சிறுநீர், சார். டாக்டர் கேட்பார் என்று தெரிந்து, அவர் வருவதற்கு அரை மணி முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போதுதான் தெரிகிறது, அவன் செத்துப்போனதைவிட இந்த விஷயத்தில்தான் எனக்கு வெட்கம் அதிகம் வருகிறது.

ரிஜிஸ்டரில் "நடிப்பு" என்று எழுதினேன். மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது என்று சொல்லி அவனைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வருஷத்தில் முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். கணவர் ஆச்சரியப்பட்டார். மெமோ வந்திருக்கிறது, போகாமல் முடியாது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். முனியன் என்கிற வார்டருக்கு அன்று பகலும் இரவும் டூட்டி. என்னைவிடப் பத்து வயது பெரியவர், சாதுவான மனிதர்.

"இன்னா சிஸ்டர், நீங்களே வந்துட்டீங்க? அந்தப் புள்ள காத்தாலருந்து மொனகிக்கினே கீது. ஜீப்புக்குச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அறையைத் திறந்ததும் வாசனை அடித்தது. அழுகப் போகிற பழத்தின் வாசனை. அது அந்த வியாதிக்காரர்களின் மூச்சில் கடைசிக் கட்டத்தில் வருவது. பயிற்சிப் பள்ளியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள். வேம்புலி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இன்னிக்கி நாயித்துக்கெழம தானே சிஸ்டர்?"

"ஆமா."

"எனக்கோசரமா வந்தீங்க?"

தட்டைக் கீழே வைத்தேன். அதில் இன்சுலின் பாட்டிலும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. இரண்டையும் எடுத்துப் போனதே, பார்த்து முடிவு செய்யலாம் என்றுதான்.

"நான் ஜட்ஜையாகிட்ட சொன்னது தப்பா சிஸ்டர்? உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆளு போடுவாங்கன்னுதான் சொன்னேன்" என்றான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினான். பிறகு அவனே மெதுவாகச் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு கையை நீட்டினான். ஏழு மாதப் பழக்கம்.

அவன் பிழைத்தால் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு அவன் உடம்பு தெரியும். எந்த ஊசி வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கும். கோபம் இல்லை என்று முன்னால் சொன்னேன் அல்லவா, முதல் இரண்டு நாள் இருந்தது கோபம்தான்; அன்றைக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். ஏற்கெனவே குத்திக் குத்தித் தடித்துப்போன இடங்களை விட்டு, வலிக்காத இடமாகப் பார்த்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது முனியன் கேட் பக்கம் நின்றிருந்தார்.

"ஜீப்பு சிஸ்டர்?"

"வேணாம். ஊசி போட்டிருக்கேன். கூப்பிடுவான், கத்துவான். நீங்க கண்டுக்காதீங்க."

"செரி சிஸ்டர்."

ஆவடி பஸ் உடனே கிடைத்தது. திங்கட்கிழமை விடிந்ததும் மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். வேலப்பன்சாவடி தாண்டும்போது உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். என் ரிஜிஸ்டரைப் பார்த்தார். இரண்டு வேளையும் ஊசி போட்டதாக இருந்தது. சனிக்கிழமை டாக்டர் முன்னிலையில் சர்க்கரை இல்லை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் நேரில் வந்து போட்டதாக இருந்தது. அதற்கு முனியனே சாட்சி. இரவில் கைதி நான்கு தடவை கூப்பிட்டும் யாருக்கும் தகவல் சொல்லவில்லை என்று முனியன்மீது எழுதினார்கள். சிஸ்டர் கண்டுக்காதீங்கன்னு சொன்னாங்க என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்று நினைத்துப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "அந்தம்மா நல்லாத்தான் பாத்தாங்க. நான்தான் தொறக்கல" என்றார். அவர் வேலை போயிற்று.

புகார் சொன்னவனே இல்லை என்று என் மெமோவை ரத்து செய்தார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜெயிலுக்கு இரண்டாவது நர்ஸ் வந்தாள். அவளுக்குப் பானையையும் அலமாரியையும் காட்டிக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் தலைமை நர்ஸ் ஆனேன். என் வார்டில் ஒரு நோயாளிக்கும் ஒரு வேளை ஊசி தவறியதில்லை. சின்ன நர்ஸ்கள் என்னைக் கண்டால் பயப்படுவார்கள். எழுதியதற்கும் போட்டதற்கும் சரியாக இருக்கிறதா என்று நானே நின்று பார்ப்பேன். இதை ஒரு பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். பல நாள் அது போதுமென்றே இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் முனியன் வார்டுக்கு வந்தார். உடனே அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கல்லூரியில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒம்பது வருசமா நெனச்சிக்கினே கீறேன் சிஸ்டர். நாயித்துக்கெழமன்னும் பாக்காம நீங்க வந்து ஊசி போட்டீங்க. நான் ஒரு ஜீப்புக்குச் சொல்லல. உங்க பேசண்ட நான்தான் கொன்னுட்டேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவர் மாதம் ஒருமுறை கள்ளிக்குப்பம் போய்க் கெங்கம்மாளைப் பார்த்து வருகிறாராம். அரிசி வாங்கிப் போடுவாராம், கூரை மாற்றிக் கொடுத்தாராம். அந்தம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லையாம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க முனியன். நான் மன்னிச்சிட்டேன்" என்றேன். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு நோயாளிக்கு டிரிப் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்; எழுந்து போய்விட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். பொய் சொல்லிப் பயனில்லை. போன செவ்வாய்க்கிழமை முனியன் கெங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. புரை விழுந்திருக்கிறது. தடவித் தடவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முனியன் சொல்லிச்சு தாயி. லீவு நாளுன்னும் பாக்காத ஓடியாந்தியாமே. எம் புள்ளைய கடைசியா தொட்டது இந்தக் கைதானே" என்றார்.

என் கையைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலது கண்ணில் ஒருமுறை, இடது கண்ணில் ஒருமுறை. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிடுகிறேன். கணவர் ஏன் என்று கேட்டார். நகச்சுற்று என்றேன்.

அவ்வளவுதான், சார். வேம்புலியைக் கொன்றது நான். முனியன் இல்லை, டாக்டர் இல்லை, வியாதியும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தெரிந்தேதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை செய்தது எல்லாவற்றையும்விடத் தெரிந்து செய்தது. முனியனுக்கு அவருடைய வேலையைத் திரும்பக் கொடுக்க வழி இருக்கிறதா பாருங்கள். வயதாகிவிட்டது என்பார்கள், பென்ஷனாவது கிடைக்கட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைக் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டத்தான் வேண்டும்; எனக்குத் தெரியும். படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்கு நான் வந்தேன், ஊசி போட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, சார். அந்தம்மாவுக்கு வயதாகிவிட்டது, தாங்கமாட்டார்கள்.